சக்கரம் உங்க பக்கம் வரணும்

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள். ‘எண்ணெய் டப்பா வீடு எது?’ என்று கேளுங்கள், நாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு கூட்டி வந்துவிடும். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் இவர் மூக்கு நீண்ட சின்ன எண்ணெய் டப்பாவை வைத்திருப்பார். அதனால் எல்லாச் சட்டையிலும் இடது மார்பில் ஒரு கறை. கல்யாணத்துக்கு எடுத்த சட்டையிலும் உண்டு. துவைத்துத் துவைத்து அலுத்துப்போய், அதுவும் சட்டையோடு வந்ததுதான் என்று ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

அவரைப் பற்றி இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, எந்த மெஷினையும் அவர் திட்ட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் காதை வைத்துக் கேட்பார். நான் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போகிற மனுஷர், ஒரு பழைய மெஷின் ‘கடகட’ என்று சொல்வதை அரை நாள் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவது, தண்ணீர் என்றால் அவருக்குப் பயம். எங்கள் தெரு நேராகப் போய் ஏரியில்தான் முடிகிறது. கரைவரைக்கும் வருவார். மணல் காய்ந்திருக்கிற இடத்தோடு நின்றுவிடுவார், செருப்பு நனையக் கூடாது. ஏன் என்று கேட்டால், “தரைக்கு அடி தெரியும். தண்ணிக்கு அடி தெரியாது” என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

நான் நேர் எதிர். ஏரியின் அக்கரையில் பிறந்தவள். நடக்கக் கற்றுக்கொண்டதும் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டதும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில். ஏரிக்கு நீளம்தான் அதிகம், அகலம் அவ்வளவில்லை. காற்று சரியாக அடித்தால் அந்தக் கரையில் அடுத்தவரைத் திட்டுவது இந்தக் கரையில் கேட்கும். ஆனால் சாலை வழியாகப் போனால் ஏரியைச் சுற்றிக்கொண்டு, பஸ் மாறி, இடுப்பு ஒடிந்துவிடும். அந்தச் சுற்றுவழி பஸ்ஸில்தான் இவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அப்போது நான் தைக்கப் பழகிக்கொண்டிருந்தேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது. கோபத்தில் மெஷினை ஓர் உதை உதைத்தேன். என் அக்காதான் இக்கரையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தாள். வந்தவர் மெஷினைத் திறக்கவே இல்லை. எனக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, “தைங்க, பாக்கலாம்” என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார், எதிரே நின்றால்தான் ஊசியும் தெரியும், தைக்கிறவர் முகமும் தெரியும் என்பார். நான் தைத்தேன். நூல் அறுந்தது. அவர் எதிரே நின்றபடியே கையை நீட்டிச் சக்கரத்தை என் பக்கமாகச் சுற்றிவிட்டார்.

“மெஷின்ல ஒண்ணுமில்லை. நீங்க சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளுறீங்க, அதான் அறுது. எப்பவும் சக்கரம் உங்க பக்கம் வரணும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நூல் அறுந்ததே இல்லை. ஆனாலும் மனுஷர் அடிக்கடி பஸ் ஏறி வந்து, மெஷின் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். “நோய் மெஷினுக்கா, மெக்கானிக்குக்கா?” என்று அக்கா கேட்டாள். அடுத்த மழைக்கு முன்னால் கல்யாணம் ஆயிற்று. என் மெஷினும் என் தோணியும் என்னோடு இக்கரைக்கு வந்தன.

அதிலிருந்து வாரத்துக்கொரு தடவையாவது நானே துடுப்புப் போட்டு அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன். எங்களுக்கு அம்மா இல்லை. என்னை வளர்த்தது அக்கா. இவர் கரையில் காய்ந்த மணலில் நின்று என்னை அனுப்பிவைப்பார். நான் திரும்புகிறபோதும் அங்கேயேதான் நிற்பார். நடுவில் வீட்டுக்குப் போய் வேலை பார்த்தேன் என்று சாதிப்பார், நான் நம்பியதில்லை.

போன வருடம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையை விட்டு விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை. ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை, பயிற்சி என்று எல்லாம் ஆன பிறகு பேச்சு சரியாயிற்று, நடை சரியாயிற்று, வலது கை மட்டும் வரவில்லை. அந்தக் கைக்கு நான் ‘விருந்தாளி’ என்று பெயர் வைத்தேன். வேளாவேளைக்குக் குளிப்பாட்டி, துணி மாட்டி, தலையணை வைத்துப் படுக்கவைக்க வேண்டும். ஒரு வேலை செய்யாது. தையல் போயிற்று. துடுப்பும் போயிற்று.

ஒரு தடவை கூலிப் படகில் அக்கா வீட்டுக்குப் போனேன். படகுக்காரர் தங்கமான மனுஷர், என்னை அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கறையோடுதான் என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கிப் படகில் வைத்தார். அந்தக் கரையில் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு இறக்கினார். மூட்டையை ஏற்றி இறக்குகிற மாதிரி இருந்தது. எந்தத் தண்ணீரில் நான் ராணி மாதிரி போனேனோ, அதே தண்ணீரில். வீட்டுக்கு வந்து அழுதேன். இனிமேல் யார் தூக்கியும் போவதில்லை என்று இவரிடம் சொன்னேன்.

அக்காவோடு போனில் பேசலாமே என்பீர்கள். அவளுக்குக் காது மந்தம். நான் கேட்பது ஒன்று, அவள் சொல்வது ஒன்று. “சாப்பிட்டியா?” என்றால் “ஆமா, இங்கயும் காத்துதான்” என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் போனில் தெளிவாக ஒன்று சொன்னாள்.

“மகன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்டி. இத்தனை நாள் உனக்காகத்தான் போகலை. இப்ப நீயும் வர்றதில்லை, நான் சுவரைப் பாத்துப் பேசிக்கிட்டு கிடக்கேன். மழைக்கு முன்னாடி வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிடலாம்னு இருக்கேன்.”

அவள் மகன் இருப்பது விமானத்தில் போகிற தூரம். போனால் போனதுதான்.

“நான் வர்றேன்க்கா!” என்று கத்தினேன்.

“யாரு தூக்கிட்டு வருவாங்க?”

“நானே வர்றேன்!”

“நீயே வந்தா நான் ஏன்டி போகப் போறேன்?” என்று வைத்துவிட்டாள்.

நான் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். முன்னறையில் ஒரு மெஷினின் வயிற்றைத் திறந்துவைத்திருந்த இவருக்கும் கேட்டது. டப்பாவை எடுத்து இரண்டு சொட்டு விட்டார், மூடினார்.

அந்த நாட்களில் மாத்திரை என்னைப் பகலிலும் தூங்கவைக்கும். சாப்பாட்டு மேஜையிலேயே கண் சொருகும். பாதித் தூக்கத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். ஏரி முழுக்க ஒரு நீலத் துணி. நான் அதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தைத்துக்கொண்டே போகிறேன். நூல் தீர்வதில்லை, கை வலிப்பதில்லை. தையல் போன வழியில் தண்ணீர் லேசாகச் சுருங்கியிருக்கும். எழுந்து பார்த்தால் மேஜைக்கு எதிரே இவர் குந்தி உட்கார்ந்து மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன தொலைஞ்சுபோச்சு?”

“உன் கால் ஓடிக்கிட்டே இருக்கு” என்றார். “நீ தூங்கும்போதும் மிதிக்கிற. கால்ல பலம் எப்படி இருக்கு?”

“உங்களை உதைக்கிற அளவுக்கு இருக்கு.”

சிரித்துக்கொண்டே எழுந்து போனார். எனக்குத் திரும்பவும் கண் சொருகியது.

மறுநாள் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் என் சோப்பு டப்பா மிதந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நூல் சுற்றுகிற பாபின் ஒன்று, பாபினில் சின்னத் தகடுகள், ஒரு ரப்பர் பேண்ட். முறுக்கிவிட்டால் டப்பா தட்டுகளுக்கு நடுவே நீந்திப் போகிறது. இவர் முழங்கைவரை நனைந்து நின்றார். தண்ணீரில் அவ்வளவு நேரம் கை வைத்து நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“கை எதுக்கு? கால் போதும்” என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. என் தோணியைக் கரையிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொல்லையில் இரண்டு முக்காலி மேல் ஏற்றினார். யோசனை எளிது. தையல் மெஷினின் மிதிபலகை தோணிக்குள் இருக்கும். நான் மிதித்தால் பக்கத்தில் இருக்கும் பெரிய சக்கரம் சுற்றும். அதிலிருந்து ஒரு தோல் பெல்ட் பின்னால் போய், தோணியின் வாலில் தொங்கும் தண்ணீர்ச் சக்கரத்தைச் சுற்றும். பழைய தண்ணீர் டிரம்மை அறுத்து அதற்கு இறக்கைகள் செய்தார். முதுகில் தண்ணீர் தெறிக்காமலிருக்கத் தகரத்தில் ஒரு மூடி போட்டார். இரண்டு பக்கமும் காலி கேன்களைக் கட்டி மிதக்கவிட்டார், கவிழாது. மிதிப்பதற்கு முன்னால் கையால் சக்கரத்துக்கு ஒரு தொடக்கம் கொடுக்க வேண்டுமல்லவா, அந்தக் கைச்சக்கரம் தையல் மெஷினில் வலது பக்கம் இருக்கும். இவர் அதை என் இடது கைக்கு மாற்றிவைத்தார். திருப்புகிற சுக்கானின் பிடியும் அந்தப் பக்கமே. ஒரு மெஷினை இடம் வலம் மாற்றுவது என்றால் சும்மா இல்லை, வாரக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

மிதிபலகைக்குத்தான் தகராறு வந்தது. கடையில் கிடந்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துப் பார்த்தார். எதிலும் என் கால் உட்காரவில்லை. கடைசியில் நானே சொன்னேன், “என்னோடதை எடுத்துக்குங்க.”

“அதை அறுக்கணும்.”

“அறுங்க. என் காலுக்கு அதைத்தான் தெரியும்.”

என் பலகையில் குதிகால் படுகிற இடம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். மெஷினின் தலையை அவர் கழற்றி, போர்வையில் சுற்றி, பீரோ மேல் வைத்தார். அறுக்கும் சத்தம் கேட்டபோது நான் உள்ளறையில் படுத்திருந்தேன். நெஞ்சு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். அறுத்து முடித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். விருந்தாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கொல்லையில் அவரே தோணிக்குள் உட்கார்ந்து சோதனை செய்தார். தண்ணீர்ச் சக்கரத்துக்கு அடியில் என் துணி ஊறவைக்கிற தொட்டியை வைத்து, மிதிப்பார். தண்ணீர் பின்சுவரில் போய் அடிக்கும். “தண்ணி பின்னால போனா தோணி முன்னால போகும்” என்று சுவரைக் காட்டிச் சொல்வார். காய்கிற துணியெல்லாம் மறுபடியும் நனைந்ததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. என்னை மட்டும் முக்காலி மேல் ஏற விடவில்லை, ஒரு கையால் பிடித்து ஏறினால் விழுந்துவிடுவேனாம்.

தோணி தண்ணீருக்குப் போன காலை நல்ல பனி. அக்கரை தெரியவில்லை. படகுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தோணியைப் பிடித்துக்கொண்டார். நான் கரையில் நட்டிருந்த கம்பை இடது கையால் பற்றி, நானாகவே ஏறி உட்கார்ந்தேன். இவர் காய்ந்த மணலில். இடது கையால் சக்கரத்தைச் சுற்றினேன், கால் பிடித்துக்கொண்டது. அந்தத் தாளம் உள்ளங்காலிலிருந்து முழங்கால்வரை ஏறியது. எத்தனையோ மாதம் கழித்து என் உடம்பு எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. கண்ணை மூடினேன். பனிக்குள் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

‘டம்’ என்று இடித்தது. கண்ணைத் திறந்தேன். எதிரே ஏரி அப்படியே இருந்தது. தோணி பின்பக்கமாகவே போய்க் கரையில் முட்டியிருந்தது. இவர் பதறிப்போய் நாலடி பின்வாங்கி நின்றார்.

படகுக்காரர் முகத்தை வழித்துக்கொண்டு, “அண்ணே, ரிவர்ஸ் பிரமாதமா வேலை செய்யுது. முன்னால போறதுக்கும் ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்றார்.

திரும்ப வீட்டுக்கு. பெல்ட்டை எட்டுப் போலக் குறுக்கே மாற்றி மாட்டினார். அப்படி மாட்டினால் சுற்று மாறும். தோணிக்குள் உட்கார்ந்து மிதித்தார். தண்ணீர் பின்சுவருக்குப் போகாமல் முன்னால் பாய்ந்து, தகர மூடிக்குக் கீழே புகுந்து அவர் முதுகை நனைத்தது. மறுபடியும் பழையபடி நேராக மாட்டினார். பின்சுவர் நனைந்தது. “சரியாத்தானே இருக்கு!” என்றார். ஏரிக்குக் கொண்டுபோனோம். நான் உட்கார்ந்தேன், மிதித்தேன், பின்னால் போனேன். இந்தத் தடவை நாணலுக்குள் சிக்கிக்கொண்டேன்.

வீட்டில் முன்னால் போகிற சாமான், தண்ணீரில் பின்னால் போகிறது. அவர் முகம் வாடிவிட்டது. தோணியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார், அது என்ன சொல்லும்? சக்கரத்தைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். ஏரித் தண்ணீருக்கு ஏதாவது தனி இழுப்பு இருக்கிறதோ என்று படகுக்காரரிடம் போய் விசாரித்தார். அவர் பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு இல்லை என்றார். இதற்குள் அக்காவிடமிருந்து போன். மகன் வருகிற வாரம் வந்து கூட்டிப் போகிறானாம், பை கட்டியாயிற்றாம். மேற்கே மேகம் திரள ஆரம்பித்திருந்தது.

“விடுங்க” என்றேன் நான். “உங்களால முடிஞ்சதைச் செஞ்சிட்டீங்க. அக்கா போகட்டும்.” சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

“நானே தண்ணியில உக்காந்து பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. எண்ணெய் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டிருந்தார். அது இல்லாமல் அவர் வெளியே கிளம்பி நான் பார்த்ததில்லை.

கரையில் அவர் இடுப்பில் கயிறு கட்டினோம். மறுமுனை மரத்தில். அதுவும் போதாமல் படகுக்காரரைத் தோணிக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிக் காய்ந்த மணலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். தண்ணீரில் முதல் காலை வைத்தபோது, யாரோ குத்தின மாதிரி முகம் போயிற்று. ஏறி உட்கார்ந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. நான் இடது பக்கத்தில், சக்கரத்துக்கு நேரே, கரையில் நின்றேன். அவரைத் திரும்பக் கூப்பிட்டுவிடலாமா என்று தொண்டைவரை வந்தது.

அவர் கைச்சக்கரத்தைச் சுற்றினார். மிதித்தார். தோணி முன்னால் போனது. கயிறு தீருகிற மட்டும் அழகாக, நேராகப் போய் நின்றது.

“எங்க இருக்கேன்?” என்று கண்ணைத் திறக்காமலே கத்தினார்.

“முன்னால போயிட்டீங்கண்ணே!” என்று படகுக்காரர் கத்தினார்.

நான் அதையெல்லாம் கேட்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “இன்னொரு தடவை! முதல்லேருந்து!” என்றேன். கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். மறுபடியும் சுற்றினார். அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது. சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“ஏங்க, சக்கரத்தை எந்தப் பக்கம் தள்ளுறீங்க?”

கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். “வெளிப்பக்கம்.”

“நான் எந்தப் பக்கம் இழுப்பேன்?”

மிதி மெஷின் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். கை முதலில் எந்தப் பக்கம் சுற்றிவிடுகிறதோ, கால் அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டு ஓடும். இடது கையானாலும் என் கைக்கு ஒரே பக்கம்தான் தெரியும், என் பக்கம். அவர் கையோ இத்தனை காலமும் மெஷினுக்கு எதிர்ப்பக்கம் நின்று சுற்றிய கை. தைக்கிறவர் பக்கம் வரவேண்டுமானால் அவர் தன்னைவிட்டு வெளியே தள்ள வேண்டும். எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கை அப்படியேதான் தள்ளும். மெஷினில் தப்பே இல்லை. ஒரே மெஷினுக்கு இரண்டு பக்கமும் நின்று வாழ்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அவர் தோணியை விட்டு இறங்கவே மறந்து உட்கார்ந்திருந்தார். “நான்தானே சொல்லிக் குடுத்தேன்” என்றார். “உங்க பக்கம் வரணும்னு.”

“ஆமா. கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னதுல நான் கேட்டது அது ஒண்ணுதான்.”

“இனிமே வெளிப்பக்கம் தள்ளு” என்றார். அதைச் சொல்வதற்கு அவருக்கு என்னவோ போல இருந்தது. எனக்கும்தான்.

மகன் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின காலை. வானம் மூடியிருந்தது, காற்று இல்லை. ஏரி தூங்கி எழாத மாதிரி கிடந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். யாரும் தொடவில்லை. பின்னாலேயே வரக் கூடாது என்று படகுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இவர் காய்ந்த மணலில், தன் இடத்தில்.

“வெளிப்பக்கம்!” என்றார்.

தள்ளினேன். மனசு வரவில்லை, கை தள்ளியது. கால் பிடித்துக்கொண்டது. அக்கரை மெல்ல அசைந்து என்னை நோக்கி வர ஆரம்பித்தது. பின்னாலிருந்து “வெளிப்பக்கம்... வெளிப்பக்கம்...” என்று கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு தகர மூடிக்குள் தண்ணீர் சலசலப்பது மட்டும்தான். நடு ஏரிக்கு வந்தபோது அதுகூட வேறு யாருடைய வீட்டிலோ கேட்கிற சத்தம் போல் ஆகிவிட்டது. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிவு தெரியவில்லை. அந்தக் கனவுக்குள்ளேயே இருக்கிறேனோ என்று தோன்றியது. ஆனால் கனவில் இல்லாத ஒரு குறை இதில் இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். விருந்தாளி இருக்கிற பக்கத் தோள் இறுகிப்போய்க் கழுத்து திரும்பவில்லை. அவர் தெரியவில்லை. சாதாரண விஷயம்தான். ஆனால் அவர் நிற்கிறாரா என்று தெரியாமல் என்னால் மிதிக்க முடியவில்லை.

சுக்கானைத் திருப்பினேன். தோணி நிதானமாக அரை வட்டம் போட்டு, என் வீட்டுக் கரை எதிரே வந்தது. அவர் நின்றார். சின்னதாக, வெள்ளையாக.

அவர் என்ன நினைத்திருப்பார்? எனக்கு ஏதோ ஆகிவிட்டது, திரும்புகிறாள் என்றுதான். அந்த வெள்ளைப் புள்ளி காய்ந்த மணலை விட்டு இறங்குவதைப் பார்த்தேன். கணுக்கால், முழங்கால். கயிறு இல்லை, கூட ஆள் இல்லை. இடுப்புவரை போய்விட்டார். இன்னும் வந்துகொண்டிருந்தார்.

“வராதீங்க!” என்று கத்தினேன். என் குரல் நடு ஏரியிலேயே கரைந்துவிட்டது. திரும்பிப் போனால் அவர் பிழைப்பார், அக்கா போய்விடுவாள். அக்காவிடம் போனால் இந்த மனுஷர் தண்ணீருக்குள் எதுவரை வருவார்? அப்போது என் இடது கை, என்னைக் கேட்காமலே, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. சக்கரத்தை என் பக்கம் இழுத்தது. கால் ஓடியது.

தோணி பின்னால் போனது. தைக்கும்போது துணி நம்மை விட்டு நகருமே, அப்படி என் வீட்டுக் கரை என் காலடியிலிருந்து நகர்ந்து நகர்ந்து போனது. அவர் நின்றார். நான் திரும்பி வரவில்லை, அவரைப் பார்த்தபடியே போய்க்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு தண்ணீருக்கு மேலே அவர் கை எழுந்தது. தன்னைவிட்டு வெளியே தள்ளிச் சுற்றிக் காட்டியது. உன் பக்கம், உன் பக்கம். எனக்கு எதிரே, அன்றைக்கு மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற மாதிரியே நின்றுகொண்டு.

கோணலும் மாணலுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு நான் அக்கரை போய்ச் சேர்ந்தேன். வால் சக்கரம் சேற்றில் இடித்தது.

“வீட்டுக்கு வர்றவ யாராவது முதுகைக் காட்டிக்கிட்டு வருவாளாடி?” என்று பின்னாலிருந்து அக்கா குரல். “எதிர்ல அப்படி என்ன பாக்குற?”

நான் கை காட்டினேன். அக்காவுக்குக் காதுதான் மந்தம், கண் நன்றாகத் தெரியும்.

“அது உன் வீட்டுக்காரர் இல்லை? தண்ணிக்குள்ள நிக்கிறாரு! அவருக்குத் தண்ணின்னாலே ஆகாதேடி!”

“ஆகாதுக்கா” என்றேன். குரல் உடைந்துவிட்டது.

அக்கா கரை விளிம்புக்கு வந்தாள். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. “மாப்பிள்ளை! வந்து சேந்துட்டா! கரை ஏறுங்க!” என்று அவள் போட்ட சத்தம் ஏரியைத் தாண்டிப் போயிற்று. அந்த வெள்ளைப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, மணலில் ஏறி, உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் நான் இறங்கினேன், நானாகவே. அக்கா உள்ளே போய்க் கட்டிவைத்திருந்த பையைப் பிரித்தாள். மறுநாள் வந்த மகன் ஒரு நாள் தங்கி, தோணியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, தனியாகவே திரும்பிப் போனான்.

இப்போதும் வாரத்துக்கொரு தடவை போகிறேன். போகும்போது சக்கரத்தை என் பக்கம் இழுத்துக்கொள்வேன், தோணி பின்னால் போகும். வரும்போது வெளிப்பக்கம் தள்ளுவேன், முன்னால் வரும். “நீ வரும்போதும் உன் முதுகைத்தான் பாக்குறேன், போகும்போதும் உன் முதுகைத்தான் பாக்குறேன்” என்று அக்கா குறைப்பட்டுக்கொள்கிறாள். நியாயம்தான். இக்கரையில் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார், செருப்பைக் காய்ந்த மணலில் ஜோடியாக வைத்துவிட்டு.